பண்டாரி கண்ட ஜெனோவா

மருமகன் நான்கு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். மூன்றரைக்கே நானும் என் மனைவியும் பிகோவின் அடியில் போய் நின்றுகொண்டோம். பிகோ என்றால் கப்பலில் சரக்குத் தூக்கும் கம்பம். நாங்கள் டெரிக் என்போம். ஜெனோவாவின் பழைய துறைமுகத்தில் அந்த டெரிக்குகளைப் பெரிதாக்கி, விரித்த கைவிரல்கள் மாதிரிக் கொத்தாக நிறுத்தி, வெள்ளையடித்து, நடுவில் வட்டக் கண்ணாடிக் கூண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து ஏறினால் சுமார் 40 மீட்டர் மேலே கொண்டுபோய், ஊரைச் சுற்றிக் காட்டி இறக்கிவிடும். இருபத்தொன்பது வருஷம் கப்பலில் இருந்தவன் நான். டெரிக்கில் தேயிலைப் பெட்டி தொங்கிப் பார்த்திருக்கிறேன், தோல் கட்டு பார்த்திருக்கிறேன், ஒருமுறை ஒரு குதிரைகூடத் தொங்கியது. ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே மனிதர்கள் தொங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது 2019 அக்டோபர். மகள் டூரினில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், ஒருநாள் ரயிலேறி ஜெனோவா வந்தோம். 1986-இல் நான் பார்த்த துறைமுகத்தை மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. தவிர, மருமகன், அதாவது என் அக்காள் மகன், வேலை செய்யும் கன்டெய்னர் கப்பல் அன்றைக்கு அதே ஊருக்கு வருகிறது. அவன் நான்காம் எஞ்சினியர். ஜெனோவாவுக்கு அதற்கு முன் நான்கு தடவை வந்திருக்கிறான், ஊருக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. "கிரேன் மட்டுந்தான் மாமா பாத்திருக்கேன்" என்பான். இந்தத் தடவை எப்படியும் இறங்கி வருகிறேன், அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவனேதான் சொன்னான்.

நான் பண்டாரி. பம்பாயில் ஆள் எடுக்கும் கப்பல்களில் சமையல்காரனுக்கு அதுதான் பெயர். சேராங், டிண்டல், சுக்கானி, பண்டாரி என்று அங்கே தனி மொழியே உண்டு. தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்குப் போய், கையில் கடலோடிகளுக்கான சிடிசி புத்தகத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்து ஏறியவர்கள் நாங்கள்.

1986-இல் எங்கள் கப்பல் காபி மூட்டையும் பதனிட்ட தோலும் கயிறும் ஏற்றிக்கொண்டு ஜெனோவா போனது. நம் ஊர்க் காபிக்கு இத்தாலிக்காரர்கள் பழைய வாடிக்கை. கப்பலைக் கட்டிய இடம் இந்தப் பழைய துறைமுகம் அல்ல. லான்டெர்னா என்ற 77 மீட்டர்க் கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே இருக்கும் சாம்பியெர்தரேனா துறை. பதினோரு நாள் நின்றோம். இப்போது இதைச் சொன்னால் மருமகன் நம்புவதில்லை. பதினோரு நாள் நிற்கிற கப்பலுக்கு எஞ்சின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

எங்களுக்கு அது சாதாரணம். மூட்டையை வலையில் போட்டுத் தூக்கி, கரையில் இறக்கி, எண்ணி, நனைந்ததைத் தனியே வைத்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்தி, மழை வந்தால் ஹேட்சை மூடி, இப்படித்தான் வேலை நடக்கும். சுமை தூக்குகிறவர்களுக்கு அந்த ஊரில் கமல்லி என்று பெயர். அரபியில் சுமைகாரனுக்கு ஹம்மால். அதுதான் ஜெனோவாவில் கமல்லோ ஆனது, பம்பாயில் ஹமால் ஆனது. கடலுக்கு இரண்டு கரையிலும் ஒரே சொல்லைச் சுமந்திருக்கிறார்கள். அவர்களுடைய சங்கம் கைவைக்காமல் அந்நாளில் ஒரு மூட்டை கீழே இறங்காது.

அவர்களில் வயசாளி ஒருவர் தினமும் மத்தியானம் என் அடுப்படி வாசலில் வந்து உட்காருவார். நான் டீ கொடுப்பேன். மூன்றாம் நாள், எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினார். பிரித்தால் மஞ்சளாக, ஓரம் கருகலாக, தோசையும் இல்லாமல் அடையும் இல்லாமல் ஒன்று. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. கடலைமாவு! பஜ்ஜிக்குக் கரைக்கிற அதே மாவு. கரைத்துப் பல மணி நேரம் வைத்து, நுரையை எடுத்துவிட்டு, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிய பெரிய செப்புத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, விறகடுப்பில் சுட்டு எடுப்பது. பெயர் ஃபரினாட்டா. உப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. எதில் செய்தது என்று சைகையில் கேட்டேன். "சேச்சி" என்றார். கொண்டைக்கடலைக்கு அவர்கள் பாஷையில் அதுதான். எனக்கு உதவியாக இருந்த கொல்லத்துப் பையன் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "யாரோட சேச்சி?" என்று கேட்டான். மலையாளத்தில் சேச்சி என்றால் அக்காள். அதை அந்தப் பெரியவருக்கு விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. அவருக்கு அதில் கோபம் இல்லை. ஃபரினாட்டா ஆறுவதில்தான் கோபம். சூட்டோடு தின்றுவிட வேண்டும், ஆறினால் செருப்பு என்று தன் செருப்பைத் தொட்டுக் காட்டினார்.

சாயங்காலம் ஊருக்குள் போவோம். சாம்பியெர்தரேனாவிலிருந்து துறைமுக மதிலை ஒட்டியே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இடப்பக்கம் பழங்காலத்து வீடுகள், வலப்பக்கம் மதிலும் கம்பி வேலியும். தலைக்கு மேலே 1965-இல் திறந்த உயர்மட்டச் சாலை, அதில் ஓயாத வண்டிச் சத்தம். வேலிக்கு அப்பால் கைவிடப்பட்ட கிடங்குகள், துருப்பிடித்த தண்டவாளம், அதற்கும் அப்பால் எங்கோ தண்ணீர். ஊருக்குப் பெயர் துறைமுக நகரம். ஊர்க்காரன் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது. நாங்கள் வைக்கலாம். பாஸ் எங்களிடம் இருந்தது. வாயிலில் சுங்கக் காவலர் பையைத் துழாவிவிட்டு உள்ளே விடும்போது, ஊர்ப் பிள்ளைகள் வேலியோரம் நின்று எங்களைப் பார்க்கும். அந்த ஒரு விஷயத்தில் பண்டாரிக்கும் கொஞ்சம் கெத்து இருந்தது.

இப்போது நானும் மனைவியும் நிற்கிற இடம் அன்றைக்கு அந்த வேலிக்குள் இருந்தது.

வேலியை எடுக்க ஒரு சாக்கு கிடைத்தது. கொலம்பஸ் இந்த ஊரில் பிறந்தவர். அவர் கடல் கடந்து போய் 500 வருஷம் ஆனதை 1992-இல் கண்காட்சி வைத்துக் கொண்டாடினார்கள். கண்காட்சிக்கு இடமாகப் பழைய துறைமுகத்தைத் தேர்ந்து, அதைத் திருத்தும் வேலையை ரென்ஸோ பியானோவிடம் கொடுத்தார்கள். பாரிஸில் பொம்பிடூ மையம் கட்டியவர்களில் ஒருவர், அவரும் ஜெனோவாக்காரர். 2018-இல் 43 பேரைப் பலிகொண்டு இடிந்த மொராண்டி பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் வரைந்து கொடுத்தவரும் அவர்தான். நாங்கள் போயிருந்தபோது அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய துறைமுகத்தில் அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, கிடங்குகளை இடிக்காமல் விட்டது. பஞ்சு மூட்டை அடுக்கிய நீளக் கிடங்கு அப்படியே நிற்கிறது. மகாஸீனி தெல் கொத்தோனே என்று பெயர்கூடப் பஞ்சுக் கிடங்குதான். உள்ளே அப்போது மாநாட்டு மண்டபம், சினிமா தியேட்டர், பிள்ளைகள் விளையாடும் அறிவியல் கூடம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இருந்தன. மாநாடு முடிந்து கழுத்தில் அட்டை தொங்க வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். ஜீன்ஸ் என்ற சொல்லே இந்த ஊரிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சில் ஜெனோவாவுக்கு ழேன் என்று பேர். இங்கிருந்து போன முரட்டுத் துணிக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

நாலே கால் ஆயிற்று. அவனைக் காணோம். "எஞ்சின்ல ஒரு சின்ன வேலை, முடிச்சிட்டு வாரேன்" என்று செய்தி வந்தது. எஞ்சின்காரன் சின்ன வேலை என்று சொன்னால் அது என்ன என்று எனக்குத் தெரியும். மனைவியிடம் சொல்லவில்லை.

நேரத்தைக் கழிக்க நடந்தோம். மீன் காட்சியகத்தின் வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை. அதுவும் 1992-இல் வந்ததுதான். ஐரோப்பாவின் பெரிய மீன் காட்சியகங்களில் ஒன்று. மீனைப் பார்க்கக் காசு கொடுப்பதா என்று என் மனைவி வாசலிலேயே திரும்பிவிட்டாள். தூத்துக்குடியில் பிறந்தவளிடம் அதற்கு மேல் பேச முடியாது. பக்கத்தில் பொன் பூசிய சிலைகளோடு ஒரு பெரிய பாய்மரக் கப்பல் கட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கடலோடுவதற்கென்று செய்த கப்பல் இல்லை, ரோமன் போலான்ஸ்கி 1986-இல் வெளியிட்ட கடற்கொள்ளையர் படத்துக்காகச் செய்தது. நான் இந்த ஊருக்கு உண்மையான கப்பலில் வந்த அதே வருஷம் சினிமாவில் வந்த கப்பல்! அதற்கு முன்னால் நின்று படம் எடுக்க அத்தனை கூட்டம். கொஞ்சம் தள்ளி, கலாத்தா கடல் அருங்காட்சியகத்தின் முன்னால், இத்தாலியக் கடற்படையின் நிஜமான நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மிதக்கிறது. அதன் பக்கம் இரண்டு பேர் நின்றார்கள்.

பசித்தது. தண்ணீரைப் பார்த்து மேசை போட்ட உணவகம் ஒன்றில் உட்கார்ந்தோம். முறுக்கிய பாஸ்தாவில் பச்சை விழுதைப் பிசைந்து, நடுவே உருளைக்கிழங்குத் துண்டும் பச்சை பீன்ஸும் போட்டுக் கொண்டுவந்தார்கள். இந்த பெஸ்தோ விழுதுதான் ஜெனோவாவின் பெருமை. இலையும் பூண்டும் பைன் பருப்பும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் கல் உரலில் மர உலக்கை கொண்டு இடித்துச் சேர்ப்பது. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம திருநீற்றுப்பச்சிலை வாசம்லா" என்றாள். அதேதான். நாம் கண் கட்டிக்கும் சாமிக்கும் வைத்திருக்கிற இலையை அவர்கள் சட்னி அரைத்துவிட்டார்கள்.

பில் வந்தபோது, நாங்கள் கேட்காத ஒரு வரி அதில் இருந்தது. கொபெர்த்தோ, ஆளுக்கு 2 யூரோ 50. மேசைத் துணிக்கும் ரொட்டிக்கும் முள்கரண்டிக்குமான காசாம். இத்தாலியில் இது வழக்கம், விலைப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், நான்தான் படிக்கவில்லை. காபியையும் நின்றுகொண்டு குடித்திருந்தால் பாதி விலை. கரையோரத்தில் உட்காருகிற ஒவ்வொரு நாற்காலிக்கும் வாடகை உண்டு என்று புரிந்துகொண்டேன். "நாம கையாலயே தின்னுருந்தா அந்தக் கரண்டிக் காச கழிப்பானா?" என்று இவள் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை. வெளியே வந்ததும் இன்னொரு கட்டடத்தில் ஈட்டலி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நின்றாள். "இட்லியா?" இல்லை, இத்தாலியச் சாப்பாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை, அமெரிக்கா வரைக்கும் கிளை உண்டு என்றேன். பேரை அப்படி வைத்துவிட்டு இட்லி இல்லை என்பது அநியாயம் என்றாள்.

ஐந்தேகால். செய்தி இல்லை. சாலையைக் கடந்து பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோவின் முன்னால் போய் நின்றோம். கடலைப் பார்த்த சுவர் முழுக்க ஓவியம், நடுவில் வேதாளப் பாம்பைக் குத்தும் புனித ஜார்ஜ். 1260-இல் கட்டியது. 1407-இல் தொடங்கிய, ஐரோப்பாவின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்று இங்கே இருந்தது. இப்போது துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம். 1986-இல் இதைத் தாண்டிப் பத்துத் தடவையாவது போயிருப்பேன், ஏதோ பழைய கச்சேரி என்று நினைத்துக்கொண்டு. மார்க்கோ போலோ சிறையிருந்த இடம் இதுதான் என்று மகள் சொல்லித்தான் தெரியும். வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த கடற்சண்டையில் பிடிபட்டவரை இங்கே அடைத்ததாகச் சொல்கிறார்கள். கூட இருந்த பீசா நகரத்துக் கைதி ருஸ்திகெல்லோ எழுதுவதில் தேர்ந்தவர். ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, 1299-இல் விடுதலையாவதற்குள் புத்தகம் உருவாகிவிட்டது.

அந்தப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகம். பாண்டிய நாட்டு ஊர், ஓர்முஸிலிருந்தும் ஏதனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்கும் ஊர், எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற மக்கள். முத்துக்குளிப்பைப் பற்றியும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். காயல் பக்கத்து வெற்றிலைச் சிவப்பை, ஜெனோவாச் சிறையில் உட்கார்ந்து ஒரு மனிதர் ஞாபகப்படுத்திச் சொல்லியிருக்கிறார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காவலாளி ஒருமுறை முறைத்தார்.

அந்தக் காயலும் பழைய துறைமுகம்தான். ஆற்று வண்டல் படிந்து, கடல் விலகி, கப்பல் வர முடியாமல் போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. பழையகாயல் என்ற பெயரும் சுற்றிலும் உப்பளங்களும் மிச்சம். அங்கே கண்ணாடிக் கூண்டு தொங்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் குதிரைக் கப்பல் வந்த கரை இது என்று சொல்ல ஒரு பலகை வைத்தால் யாருக்கும் குறைந்துவிடாது.

ஆறு மணிக்கு அவனே கூப்பிட்டான். "மாமா, மன்னிச்சுக்கோங்க. பங்கர் பார்ஜ் இப்பந்தான் வந்திருக்கு. எண்ணெய் ஏத்தி முடியவரைக்கும் நான் நிக்கணும். ராத்திரி பதினொண்ணுக்கு பைலட்." பைலட் ஏறினால் கப்பல் புறப்பட்டுவிடும். காலை ஒன்பதுக்குக் கட்டிய கப்பல். பதினான்கு மணி நேரம்.

அவன் கப்பல் நிற்கிற இடம் இந்தக் கரையிலிருந்து மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, பிரா என்ற ஊரின் கடலைத் தூர்த்துக் கட்டிய கன்டெய்னர் துறை. 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியதில் ஆரம்பித்தது இதெல்லாம். பெட்டியை லாரியிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து ரயிலுக்கு என்று பிரிக்காமலே மாற்ற முடிந்தபிறகு, மூட்டை எண்ணுகிற கணக்கப்பிள்ளைக்கு வேலை இல்லை, கமல்லிக்கும் வேலை குறைந்தது, ஊர் நடுவில் இருந்த குறுகலான துறைமுகத்துக்கும் வேலை இல்லை. பெட்டி அடுக்க மைதானம் வேண்டும். அது ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். அதனால்தான் இந்தக் கிடங்குகள் காலியாயின. அதனால்தான் ஐஸ்கிரீமுக்கு இடம் கிடைத்தது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயசாளியின் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கையை உயர்த்தி டீ வாங்க முடியாமல் வாசற்படியில் வைக்கச் சொல்வார். அந்தத் தோள் இன்னொருவருக்கு வர வேண்டாம். வேலியை எடுத்ததும் நல்ல காரியம். அன்றைக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளோடு தண்ணீரோரம் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் அந்த மாலை பிடித்திருந்தது, கரண்டிக்குக் காசு கொடுத்தும்கூட. ஆனால் கரையெங்கும் நங்கூரம், கயிறு, டெரிக் என்று கப்பல் சாமானாகவே அலங்காரம் பண்ணி வைத்திருக்கிற இடத்தில் ஒரு கப்பல்காரனைக் காணவில்லை. இரண்டரை மணி நேரத்தில் நான் பார்த்த ஒரே பண்டாரி நான்தான்.

"நீ வராட்டா நாங்க வாரோம்" என்று சொல்லிவிட்டேன்.

சொத்தோரீபா வளைவுகளுக்குள் நுழைந்தோம். கரைக்கும் ஊருக்கும் நடுவே இடைக்காலத்தில் கட்டிய தாழ்வாரக் கடைகள். 1986-இல் இங்கேதான் கைக்கடிகாரமும் டேப்ரிகார்டரும் பேரம் பேசுவோம். இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எண்ணெய்ச் சட்டியில் நெத்திலியும் கணவாயும் பொரித்துக் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுக்கும் கடைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அதே வாசத்தோடு. அங்கே அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஃபரினாட்டாவை மூன்று பேருக்கு வாங்கிக்கொண்டு, பிரின்ச்சிபெ நிலையத்துக்கு நடந்து ரயில் ஏறினோம். பொட்டலத்தை இவள் சேலைத் தலைப்பில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெஸ்தோவுக்கு நல்ல இலை விளைகிற ஊர் என்று இத்தாலி முழுக்கப் பிராவுக்குப் பெயர். மலைச்சரிவில் கண்ணாடிக் கூடாரங்கள் போட்டு வளர்க்கிறார்கள். ஊருக்கு முன்னால் ஒருகாலத்தில் குளிக்கிற கடற்கரை இருந்தது. துறைமுகத்துக்காக அதைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது ஊருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு நீளக் கால்வாய். அதன் ஓரத்தில் மக்கள் நடக்கிறார்கள், நாயை நடத்துகிறார்கள். அந்தப் பக்கம் வேலி, விளக்கு, பெட்டி அடுக்கு, அதற்கு மேல் கிரேன்கள். இங்கிருந்து எடுத்த வேலியை அங்கே கொண்டுபோய் நட்டது போலிருந்தது.

கரையில் நின்று கூப்பிட்டேன்.

"எங்க மாமா நிக்கிய?"

"தண்ணிக்கு இந்தப் பக்கம். விளக்குக் கம்பத்துக்குக் கீழ. அத்தை செவப்புச் சேலை."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. மேல்தளத்துக்கு ஓடியிருக்க வேண்டும். "தெரியல மாமா. பெட்டியாத்தான் இருக்கு."

எங்களுக்கும் பெட்டிதான் தெரிந்தது. அத்தை ஃபோனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டாள். ஜனவரியில் சைன் ஆஃப் என்றான். கீழே யாரோ கூப்பிட, வைத்துவிட்டான்.

திரும்பும் ரயிலில் பொட்டலத்தைப் பிரித்தோம். மூன்று பேர் பங்கையும் நானும் அவளுமாகத் தின்று முடித்தோம். ஆறிப்போயிருந்தது.